ஓடுனா கால் இளைக்குமா, பெருக்குமா? பீச் ரோடு, ஸ்டேடியம், சில்வர் பீச் மணல், சைக்கிள்: நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன்

"ஓடாதடி, கால் ஆம்பள கால் மாதிரி முறுக்கிக்கும்"னு எங்க பெரியம்மா சொன்னாங்க. அதே வாரம் நான் போயிட்டிருந்த ஜிம்முல ஒருத்தர் "ரன்னிங்கெல்லாம் வேணாம் மேடம், இருக்குற சதையும் கரைஞ்சு கால் குச்சியாயிடும்"னாரு. ரெண்டு பேரும் அவ்ளோ உறுதியா சொன்னாங்க. கேட்டா ரெண்டுலயும் பாதி பாதி உண்மை இருக்கு, ஏன்னா பெரியம்மா மனசுல இருந்தது நூறு மீட்டர் ஓட்டக்காரி, அவரு மனசுல இருந்தது மாரத்தான்காரன். ரெண்டுக்கும் நம்ம தமிழ்ல ஓட்டம்னு ஒரே பேரு, கால் மட்டும் வேற வேற.

நான் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைல இருக்கேன், காலைல பீச் ரோட்டுல மெதுவா ஓடுற ஆளு. என் தம்பி கடலூர் மஞ்சக்குப்பத்துல அம்மா கூட இருக்கான், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகுறான், அவனுக்கு 1500 மீட்டர் 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். ஒரே அம்மா அப்பா, ஒரே வீட்டுச் சோறு தின்னு வளந்த கால், ஆனா ரெண்டு வித ஓட்டம். சரி, அளந்து பாத்துடலாம்னு அம்மாவோட தையல் டேப்ப எடுத்தோம். அளக்குறதுலயே பாதி பேரு கோட்ட விடுவாங்க, தொடைல ரெண்டு விரல் மேல கீழ டேப் போனா போதும், ரெண்டு செ.மீ தப்பா வரும். நாங்க முட்டிச் சில்லோட மேல் விளிம்புலேர்ந்து 15 செ.மீ மேல பால்பாயிண்ட் பேனாவால ஒரு புள்ளி, கெண்டைக்கால்ல எங்க நல்லா பருத்திருக்கோ அங்க ஒண்ணு, காலைல எழுந்ததும், ஓடுறதுக்கு முன்னாடி, நின்னுகிட்டு, ரெண்டு கால்லயும் சமமா எடை போட்டுன்னு வெச்சுகிட்டோம். ஓடிட்டு வந்து அளந்தா ரத்தம் ஏறி சதை உப்பியிருக்கும், அந்த நம்பர நம்பவே கூடாது.

ஆரம்பத்துல எனக்கு தொடை 58 செ.மீ, கெண்டைக்கால் 35.5. அவனுக்கு 51, 34.

முதல்ல என் கதைய சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேரு நிறுத்துறது இந்த எடத்துலதான். மூணாவது வாரம் ஜீன்ஸ் தொடைல மாட்டிகிச்சு! அளந்தா 58.5. பெரியம்மா சொன்னது நடந்துடுச்சுன்னு ஷூவ கழட்டி பீரோ அடியில தள்ளிட்டேன், நாலு நாள் போகவே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சது, மூணு வாரத்துல அரை செ.மீ அளவுக்கு சதை வளருற அளவுக்கு நான் ஒண்ணும் பெரிய ஓட்டக்காரி இல்ல. புதுசா வேல குடுத்தா சதைல நுண்ணிசா அடிபட்டு வீங்குது, அதோட அடுத்த ஓட்டத்துக்குன்னு கிளைக்கோஜன்னு மாவுச்சத்த கூடுதலா பதுக்கி வெக்குது, அந்த கிளைக்கோஜன் ஒரு கிராம் உள்ள போனா கூட சுமார் மூணு கிராம் தண்ணியும் சேந்து போகும். அதாவது ஜீன்ஸுக்குள்ள மாட்டுனது பெரும்பாலும் தண்ணி. மேல இருந்த கொழுப்பு இன்னும் கரைய ஆரம்பிக்கல, உள்ள கொஞ்சம் உப்பிகிச்சு, அதனால ரெண்டும் சேந்து பெருசாத் தெரிஞ்சது. ரெண்டு மாசம் தாண்டுனதும் அது தானா இறங்கிடுச்சு.

பீச் ரோடு எனக்கு தோதானது. சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, டூப்ளே சிலை பக்கத்துலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒன்றரை கி.மீ இருக்கும், போயிட்டு வந்தா மூணு, மேடு பள்ளமே கெடையாது. இந்த மாதிரி சமதளத்துல, பேசிகிட்டே ஓடக்கூடிய வேகத்துல ஓடுனா வேல செய்யுறது மெதுவா சுருங்குற சதை நார்கள்தான். அந்த நாருக்கு சலிக்காம உழைக்கத் தெரியும், ரத்தக்குழாய் கூடும், ஆனா பருமன் பெருசா கூடாது. உடம்போட கணக்கும் அப்படித்தான், ரொம்ப தூரம் ஓடுறவனுக்கு கால்ல கூடுதல் சதைங்கறது தேவையில்லாத சுமை, அதுவும் பாதத்துக்குக் கிட்ட இருக்குற எடைய ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கி வீசணும். ஆட்டுக்கால் பாயா சாப்புடுறப்ப யோசிச்சுப் பாருங்க, கணுக்கால் பக்கம் கறியே இருக்காது, எல்லாம் எலும்பும் நாரும், கறியெல்லாம் மேல தொடைல. ஓடுற மிருகம் எல்லாத்துக்கும் அதே வடிவம்தான், குதிரைய பாத்தாலும் அதான். மனுஷங்கள்ல எலியுட் கிப்சோகே, 2019ல வியன்னாவுல மாரத்தான் தூரத்த 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடுனவரு, அவரு கெண்டைக்கால பாருங்க, சதை மேல ஒரு கைப்பிடி, கீழ நீளமா நரம்பு மாதிரி குதிநாண், அதாவது கெண்டைச்சதைய குதிகாலோட கட்டுற நாண். ஆனா ஓடி ஓடி கால் அப்படி ஆகலங்க, அந்த மாதிரி கால் இருந்ததாலயும் ஓட்டம் வந்துச்சு. இத தலைகீழா புரிஞ்சுகிட்டு ஏமாறாதீங்க.

அஞ்சு மாசம் கழிச்சு எனக்கு தொடை 55, கெண்டைக்கால் 35. தொடைல மூணு செ.மீ, கெண்டைக்கால்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம். அதுலயும் ஓட்டம் மட்டுமே காரணம்னு சொன்னா பொய். ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீக்கு சுமார் ஒரு கலோரி செலவு, 60 கிலோ ஆளு 5 கி.மீ ஓடுனா 300, ரெண்டு பரோட்டா சால்னாவோட உள்ள போச்சுன்னா அது அங்கயே தீந்துது. நான் ராத்திரி பரோட்டாவ வாரத்துக்கு ஒண்ணா குறைச்சேன், அதுக்கும் பங்கு உண்டு. இன்னொண்ணு, கால் ஓடுதுங்கறதுக்காக கால் கொழுப்பு மொதல்ல கரையாது, உடம்பு எங்கேர்ந்து எடுக்கணும்னு அதுவா முடிவு பண்ணும். பொம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் தொடையிலயும் இடுப்புலயும் சேத்து வெக்கும், அத கடைசிலதான் விட்டுக் குடுக்கும். எனக்கு மொதல்ல முகம் இளைச்சுது, எல்லாரும் "ஏன்மா உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க, தொடை அசையவே இல்ல.

இப்ப தம்பி பக்கம். அவன் அண்ணா ஸ்டேடியத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் 200, 400ன்னு துண்டு துண்டா முழு வேகத்துல அடிப்பான், ரெண்டு நாள் சில்வர் பீச் மணல். அவனுக்கு அஞ்சு மாசத்துல தொடை 51லேர்ந்து 53, கெண்டைக்கால் 34லேர்ந்து 35.5, எடை அப்படியேதான் இருக்கு. ஆம்பளைங்கறதால டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் துணைக்கு நிக்குது, அத கணக்குல வெச்சுதான் ஒப்பிடணும், அவன மாதிரி நான் ஓடுனா எனக்கு ரெண்டு செ.மீ ஏறிடும்னு இல்ல.

மணல தனியா சொல்லணும். சில்வர் பீச் இருக்குற தேவனாம்பட்டினத்துல காய்ஞ்ச மணல்ல ஓடுறதுக்கு கெட்டித் தரைய விட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். தரைல குதிநாண் ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு திருப்பித் தள்ளும், மணல்ல அது வேல செய்யாது, கால் புதையும், தள்ளுனது பாதி மணலோட போயிடும், அந்த மிச்ச வேலைய முழுசா கெண்டைச்சதை செய்யணும். அங்க கரைவலை இழுக்குற அண்ணனுங்க கால பாத்தீங்கன்னா தெரியும், குதிகால மணல்ல ஊனி பின்னாடி சாஞ்சு இழுக்குறப்ப கெண்டைக்கால்ல ஒரு கெண்டை மீனே துள்ளுற மாதிரி சதை உருண்டு நிக்கும், பேரு வெச்சவன் சும்மா வெக்கல. அவங்க யாரும் ஜிம்முக்குப் போனது கெடையாது. கெண்டைக்கால் வேணும்னு ஆசப்படுறவங்களுக்கு நான் மணலத்தான் சொல்லுவேன், ஆனா மொத நாளே ரெண்டு கி.மீ போகாதீங்க. நான் ஒரு ஞாயித்துக்கெழம தம்பி கூட வீம்புக்கு ஓடி, கடைசி நூறு மீட்டர்ல கெண்டைல சுருக்குன்னு ஒண்ணு புடிச்சு, மறுநாள் மாடிப்படிய பின்பக்கமா இறங்குனேன். "அக்கா, நண்டு மாதிரி நடக்குற"ன்னு அவன் வீடியோ வேற எடுத்தான். ஈர மணல் கெட்டியா இருக்கும், ஈஸி, ஆனா கடல் பக்கம் சரிவு, ஒரு கால் மேடு ஒரு கால் பள்ளம்னு ஒரே பக்கமா ஓடுனா இடுப்பு வலிக்கும், போன தூரம் அதே கரையில திரும்பி வந்துடணும்.

ஸ்பிரிண்ட்டு கதை வேற மாதிரி. பாண்டிச்சேரி உப்பளத்துல இருக்குற இந்திரா காந்தி ஸ்டேடியத்துல ஒரு காலேஜ் பொண்ணு நூறு மீட்டர் ஓடுறத பாப்பேன், எடை என்ன விட கம்மிதான் இருக்கும், ஆனா தொடையும் பின்பக்கமும் ட்ராக் பேண்ட்ட நிரப்பி நிக்கும், கெண்டைக்கால் மட்டும் சாதாரணமா ஒல்லியா. பெரியம்மா பயந்த கால் இதுதான். நூறு மீட்டர்ல பாதம் தரைல இருக்குறது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு, அதுக்குள்ள மொத்த பலத்தையும் தள்ளணும், அதுக்கு வேகமா சுருங்குற நார்கள் வரணும், அந்த நார்தான் பருக்குற நார். ஏறுற எடம் பெரும்பாலும் இடுப்புக்குக் கிட்ட, பின்பக்கம், தொடை. ஆனா அந்தப் பொண்ணு ஓட்டத்தோட ஸ்குவாட்டும் வெயிட்டும் போடுது, வருஷக்கணக்கா. வாரத்துக்கு ஒரு தடவ ஆறு ஸ்பிரிண்ட் அடிச்சா உங்களுக்கு அந்தக் கால் தப்பித் தவறிக் கூட வந்துடாது, வேணும்னு நெனச்சாலே கஷ்டம். எனக்கு பாக்க அந்தக் கால் தான் அழகா இருக்கு, அது என் ரசனை.

சைக்கிள பத்தி கேப்பீங்க. ஈசிஆர்ல காலைல கூட்டமா போறாங்களே, அவங்க தொடை பெருசாத்தான் தெரியுதுன்னு. முன்தொடை சதைக்கு சைக்கிள் நல்ல வேல குடுக்கும், குதிக்குற அடி இல்லாததால முட்டி வலி உள்ளவங்களுக்கு சௌகரியம், கெண்டைக்கு அவ்ளோ வேல இல்ல. ஆனா இங்கயும் அதே கதை: ட்ராக்ல கொஞ்ச தூரம் வெறி புடிச்ச மாதிரி மிதிக்குற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் தொடை ரெண்டு ஆள் தொடை, டூர் டி பிரான்ஸ்ல மல ஏறுறவங்க கால் கொக்கு கால். நம்மூர்ல சமதளத்துல லேசான கியர்ல மிதிச்சா கொக்கு பக்கமும் போகாது ஹோய் பக்கமும் போகாது, மூச்சு நல்லாருக்கும், அவ்ளோதான்.

நடுவுல ஒரு எச்சரிக்கை, பாண்டிச்சேரி கடலூர்க்காரங்களுக்கு இத சொல்லாம விட முடியாது. கால் வீங்குதுன்னு சொன்னதும் என் மாமியாருக்கு மொதல்ல வந்த யோசன யானைக்கால். தப்பு சொல்ல மாட்டேன், இந்தக் கரையோரம் அந்த நோய் நெறைய இருந்த எடம், அதுக்காகவே கொசுவ ஆராய ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இங்க 1975ல ஆராய்ச்சி மையம் தொடங்குச்சு. புழு ராத்திரிதான் ரத்தத்துல சுத்தும்ங்கறதால நடு ராத்திரி வீட்டுக்கு வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுத்த கதைய அத்தை இன்னும் சொல்லுவாங்க. ஓட்டத்தால வர்ற உப்பல் ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி இருக்கும், போகப் போகக் குறையும். ஒரு கால் மட்டும் வீங்குச்சு, சூடா சிவந்து வலிக்குது, விரல வெச்சு அமுக்குனா குழி விழுது, இதெல்லாம்னா டேப்ப தூக்கிப் போட்டுட்டு டாக்டர பாருங்க. இளைச்ச கால்ல பச்ச நரம்பு தெரியுறது வேற, அது கொழுப்பு குறைஞ்சதால தெரியுது, புடைச்சு சுருண்டு கெடந்தாதான் வெரிகோஸ்.

சரி, எனக்கு என்ன தேர்வு? தொடை அளவு குறையணும்னு மட்டும் இருந்தா மெதுவோட்டமும் தட்டுல அளவா போடுறதும் போதும், ஆனா மெதுவா மட்டுமே ஓடி, சாப்பாட்டையும் வெட்டுனா கால் இளைக்கும் ஆனா தொளதொளன்னு ஆயிடும், நாலாவது மாசம் எனக்கே அப்படித்தான் பட்டுச்சு. இப்ப வாரத்துக்கு மூணு நாள் பீச் ரோடு, ஒரு நாள் உப்பளத்துல ஆறு ஸ்பிரிண்ட், வீட்ல ஸ்குவாட், முட்டையும் சுண்டலும் கூடுதலா. ரெண்டு மாசமா தொடை 55லயே நிக்குது, ஆனா அதே 55 தொடும்போது வேற மாதிரி இருக்கு, ஜீன்ஸும் வேற மாதிரி உக்காருது. டேப் இத சொல்லாது. தம்பிக்கு தலைகீழ் புத்திமதி, 1500 மீட்டருக்கு மணல் மட்டும் பத்தாதுடா, 400 மீட்டர் சுத்து ஒண்ணு 112 செகண்ட்னு மூணே முக்கா சுத்து கெட்டித் தரைல ஓடிப் பழகுன்னு சொல்லிட்டேன். "சரிக்கா, நீ மொதல்ல நேரா நட"ங்கறான்.

கெண்டைக்கால் விஷயம் மட்டும் ரெண்டு பேருக்கும் உறுத்திகிட்டே இருந்துச்சு. எனக்கு ஏன் குறையவே இல்ல, அவனுக்கு ஏன் ஏறியும் ஒரு அளவோட நிக்குது. போன வாரம் கடலூர் போனப்ப அம்மாவ நிக்க வெச்சு டேப்ப சுத்துனோம். அம்மா வாழ்க்கைல பஸ்ஸுக்குக் கூட ஓடுனது கெடையாது, தையல் மிஷின் மிதிச்சதுதான். கெண்டைக்கால் 36. வடிவமும் அப்படியே என்னோடது, சதை அதே எடத்துல கீழ வரைக்கும் இறங்கி, கணுக்காலுக்கு நாலு விரல் மேலதான் முடியுது.

"இதுக்கா ரெண்டு பேரும் விடியக்காலைல எழுந்து ஓடுறீங்க"ன்னு டேப்ப புடுங்கிகிட்டாங்க, ஒரு ஜாக்கெட் பாதில நின்னுச்சாம்.