பொம்மை வீட்டுக் கூரை: ஐஸ் குச்சியா, வெனீரா, அட்டையா?

பொம்மை வீட்டுக்கு மர ஓடு வெட்ட உட்காரும்போது நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தடிமனைப் பாருங்கள். 1:12 அளவில், அதாவது அசலில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கட்டும் வீட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பன்னிரண்டு மடங்காகக் கண்ணில் படும். ஐஸ் குச்சி சுமார் 2 மி.மீ. தடிமன். அசல் வீட்டுக் கணக்கில் அது 24 மி.மீ. பலகை! ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கூரை படிக்கட்டாகிவிடும். வெட்டுவதும் பாடுதான், கத்தரிக்கு மசியாது, கத்தியை அழுத்தினால் நீளவாக்கில் பிளக்கும். கோழிக்கூடு, பழைய கொட்டகை என்றால் சரி.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

வெனீர், அதாவது மரத்தை மெல்லிதாகச் சீவிய தகடு, அரை மி.மீ. தடிமனில் கிடைக்கும், சாதாரணக் கத்தரியே போதும். முதலில் இழைக்குக் குறுக்கே 40 மி.மீ. பட்டைகளாக வெட்டி, அப்புறம் இழையோடு சேர்த்துத் துண்டு போட வேண்டும். ஒட்டும்போது இழை கூரைச் சரிவோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். துண்டுகள் 15 முதல் 25 மி.மீ. வரை அகலத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால்தான் உயிர் வரும். எனக்குக் காலை வாரியது பசை. வெள்ளைப் பசையில் ஒரு பக்கம் முழுக்க ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாதி ஓடுகள் காய்ந்த இலைபோல் சுருண்டு நிற்கின்றன. பசையிலிருந்த தண்ணீரை அடிப்பக்கம் மட்டும் குடித்து உப்பியதன் விளைவு. அதிலிருந்து தண்ணீர் கலக்காத கான்டாக்ட் பசைதான் (இரண்டு பரப்பிலும் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்தும் வகை). சாயமும் ஒட்டுவதற்கு முன்பே. பசை பிதுங்கிய இடத்தில் சாயம் ஏறாது.

அட்டையின் பலம் வேகம். 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. சரிவுள்ள ஒரு பக்கத்துக்கு, 20 மி.மீ. அகல ஓடுகளை 12 மி.மீ. வெளியே தெரியும்படி அடுக்கினால் சுமார் 420 ஓடு வேண்டும். பற்பசைப் பெட்டி அட்டையைப் பட்டையாக்கி, பட்டையின் அகலத்தில் முக்கால் பங்கு வரை சீப்புப் பல் மாதிரி வெட்டிவிட்டால் அதே வேலை 21 பட்டைகளில் முடிகிறது. குறை என்னவென்றால், விளிம்பு வெள்ளையாகப் பல்லிளிக்கும். அங்கேயும் வர்ணம் தொட்டுவிட வேண்டும். ஒரே பக்கம் ஈர வர்ணம் பூசினால் இதுவும் வளையும்.

எதில் செய்தாலும் இறவாரத்திலிருந்து மேலே ஏற வேண்டும். முதல் வரிசை இரட்டை, மேலே சொன்ன கணக்கோடு அதற்கு ஒரு வரிசை கூடும். கீழ் வரிசை இணைப்பின் மேல் அடுத்த ஓட்டின் நடுப்பகுதி உட்கார வேண்டும்.

முதல் வீடென்றால் அட்டை. முகப்பை முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பார்கள் என்றால் வெனீர். ஆனால் முகட்டில் வெனீரை மடித்தால் உடையும். என் வெனீர் கூரையின் முகட்டில் இருப்பது சாயம் தடவிய பற்பசைப் பெட்டிதான். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.