ஒரு ஃபவுண்டேஷன் கிராண்ட்: நோட்டுக்குப் பணம் உண்டு, கரண்ட் பில்லுக்குக் கிடையாது

பெங்களூருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு குடும்ப அறக்கட்டளையிடம் எங்கள் டிரஸ்ட் மூன்று வருட கிராண்ட் வாங்கியது. அது எப்படி இருந்தது என்பதுதான் இந்த விமர்சனம். பெயரைப் போடப் போவதில்லை. கிராண்டை நீட்டிக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு இன்னும் அவர்கள் மேஜையில் இருக்கிறது, புரிந்துகொள்வீர்கள்.

வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். நான் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள், டிரஸ்ட்டின் பொருளாளர். ரசீது, வவுச்சர், கேஷ்புக் எல்லாம் என் தலையில்தான். அதனால் இந்த விமர்சனத்தில் கணக்கு வாடைதான் அடிக்கும். பிள்ளைகள் முகத்தில் மலர்ந்த புன்னகை வேண்டுமென்றால் எங்கள் ஆண்டறிக்கையைப் பாருங்கள், அட்டையிலேயே போட்டிருக்கிறோம்.

ஏன் பெங்களூரு வரை போனோம் என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தாலுகாவுக்கு வராத லாரி இல்லை. தார்ப்பாய், அரிசி, போர்வை என்று வந்து குவிந்தது. கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அது புயலுக்கு வந்த பணம். மாதா மாதம் ஒரு டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க எந்த லாரியும் வராது.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தையும், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று அவர்கள் ஒதுக்கும் பணத்தையும், முயன்று பார்த்தோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அதே பிரிவில், கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்றும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஆலை இருந்தால் பணமும் அங்கேதான் சுற்றும். உப்பளங்களைத் தாண்டி எங்கள் பக்கம் என்ன இருக்கிறது?

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் பாங்க் கிளையில் கணக்கு வேண்டும். முன்பெல்லாம் சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனம் வாங்கி எங்களைப் போன்ற சிறியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் சிக்கல் இல்லை. அவனே அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை! இதை அவன் அம்மாவிடம் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆக, மிச்சம் இருந்தது உள்நாட்டு அறக்கட்டளைகள்தான்.

விண்ணப்பம் முழுக்க ஆங்கிலம். மூன்று வருட ஆடிட் அறிக்கை, டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், தொண்டு நிறுவனங்கள் நிதி ஆயோக் தளத்தில் பதிந்து வாங்கும் தர்பண் எண் எல்லாம் கேட்டார்கள். இதைக் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப் பணத்தைக் கையாளுகிறவர்கள் இவற்றை வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் 'தியரி ஆஃப் சேஞ்ச்' என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். கட்டம் கட்டமாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து, இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மாற்றம் எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டுமாம். எங்கள் டீச்சரின் தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் வரைந்து கொடுத்தான். அழகாகத்தான் இருந்தது. டிரஸ்டிகள் யாருக்கும் விளங்கவில்லை.

அடுத்தது பட்ஜெட். அங்கேதான் மல்லுக்கட்டு. எங்கள் எக்செல் தாள் திரும்பி வந்தபோது நான்கு வரிகள் சிவப்பில் இருந்தன: கட்டட வாடகை, கரண்ட் பில், ஆடிட்டர் கட்டணம், உதவியாளர் சம்பளம். பக்கத்தில் ஒரு குறிப்பு: நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டப்படி. நோட்டு, பென்சில், வெள்ளைப் பலகை எல்லாம் பச்சை. சரி, பலகையில் எழுதியதை இருட்டில் எப்படிப் படிப்பது?

இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது எல்லா டிரஸ்ட்டுக்கும் நல்லது. சிஎஸ்ஆர் விதிகளில் அப்படி ஒரு வரம்பு இருப்பது உண்மை. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தத் தானே செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு. களத்தில் வேலை செய்யும் அமைப்பின் செலவுக்கு அல்ல. 2021 ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி பதில் சுற்றறிக்கையிலேயே இது இருக்கிறது. அதை இணைத்து மரியாதையாக ஒரு மெயில் போட்டேன்: 'ஐயா, இது கம்பெனிகளுக்கான வரம்பு. தாங்கள் கம்பெனியும் அல்ல.' பதில் வந்தது: சட்டம் இல்லை, எங்கள் போர்டின் கொள்கை. அப்படியென்றால் முதலிலேயே கொள்கை என்று சொல்லியிருக்கலாம். சட்டம் என்று எழுதினால் சின்ன டிரஸ்ட்டுகள் பயந்துபோய் வாயை மூடிக்கொள்ளும்.

அவர்கள் பக்கமும் ஒரு கஷ்டம் உண்டு, நேர்மையாகவே சொன்னார்கள். வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிட்டதாகக் காட்ட வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் 85 ரூபாய்தான் அந்தக் கணக்கில் சேரும். தாங்களே நேரடியாகச் செலவு செய்தால் முழு 100ம் சேரும். இப்படி இருந்தும் எங்களைப் போன்ற சிறியவர்களுக்குக் கொடுக்கிறார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது களப் பார்வைக்கு வந்த பெண்தான். வயது முப்பதுக்குள் இருக்கும். வந்த உடனே ஃபோட்டோ எடுக்கவில்லை, பேனர் எங்கே என்று கேட்கவில்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பார்த்தார். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் எங்கள் உதவியாளர் அக்கா, அதாவது பட்ஜெட்டில் சிவப்பில் இருந்த அதே அக்கா, டார்ச்சை எடுத்துக்கொண்டு பெண் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இவரும் கூடவே நடந்தார். தெருவிளக்கு இல்லாத வண்டிப் பாதை. உப்பு வாரும் காலத்தில் பெற்றோர் விடியும் முன்னே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் பாதி வீடுகளில் அதற்குள் படுத்துவிட்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று, கதவு திறந்து உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

திரும்பி வந்து அந்தப் பெண் கேட்டார்: "இவங்களை ஏம்மா நிர்வாகச் செலவுல போட்டிருக்கீங்க? இது பிள்ளைகள் பாதுகாப்பு. திட்டச் செலவுல காட்டுங்க, நான் போர்டுல பேசறேன்." பேசவும் செய்தார். இரண்டாம் வருடத்திலிருந்து அக்காவின் சம்பளம் பச்சைக்கு மாறியது. கரண்ட் பில் கடைசி வரை மாறவில்லை.

குறைகளில் பெரியது தவணை. ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடப் பணம் செலவானதற்கு யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்தோடு போனால்தான் அடுத்த தவணை வரும். செப்டம்பர் 30 ஆடிட் அறிக்கைக் கெடு முடியும் வரை ஆடிட்டர் எங்கள் பக்கம் திரும்பமாட்டார், பெரிய வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அக்டோபரில் யூசி போகும், அவர்கள் கேள்வி கேட்பார்கள், நாங்கள் பதில் எழுதுவோம், தீபாவளி கழிந்து பணம் வரும். பள்ளிக்கூடமோ ஜூனிலேயே திறந்துவிடும். அந்த இடைவெளியில் டீச்சர்கள் சம்பளத்தை டிரஸ்டிகள் கைமாற்றாகப் போட்டோம். கூட்டுறவில் இருந்தபோது பயிர்க்கடனைப் பயிர் காய்ந்த பிறகு கொடுத்தால் எங்களைச் சும்மா விட்டிருப்பார்களா?

காலாண்டு அறிக்கைக்கு இருப்பிடம் பதிவாகும்படி ஃபோட்டோ கேட்கிறார்கள். கேட்கட்டும், அது ஒரு வேலையே இல்லை. ஃபோனில் கேள்வி கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஆள் உண்டு, அது நல்ல விஷயம்.

மொத்தத்தில் 5க்கு மூன்றரை கொடுப்பேன். களப் பணியாளர்களுக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுக்கலாம், மீதி எல்லாம் போர்டு ரூம் சமாச்சாரம்.

யார் விண்ணப்பிக்கலாம்? மூன்று வருட ஆடிட் கணக்கும், சம்பளத்தை நான்கைந்து மாதம் தாங்கும் கையிருப்பும் உள்ள டிரஸ்ட் தாராளமாகப் போகலாம். நேற்றுத்தான் பதிவு செய்தோம் என்பவர்கள் இப்போதைக்கு உள்ளூர் நன்கொடையில் ஓட்டுங்கள். கையில் கொடுத்தாலும் ஜிபேயில் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ரசீது போடுங்கள், பிற்பாடு உதவும். பட்ஜெட் தாள் சிவப்பில் திரும்பி வந்தால் உடனே வெட்டிவிடாமல் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, யூசி வரும் வரை தற்காலிகக் கணக்கை வைத்து மே மாதத்தில் பாதித் தவணை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் நீட்டிப்பு மனுவில் அதைத்தான் முதல் வரியாகப் போட்டிருக்கிறோம்.