இலவச விளையாட்டுக்கு வரும் காசு யார் பெயரில் இருக்க வேண்டும்?

தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் ஒரு சிறிய திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) கணினி விளையாட்டில் நானும் ஒரு ஆள். அதற்குக் காசு தர ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதை எப்படி வாங்குவது, எங்கே வைப்பது என்று நீண்ட விவாதம் நடந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். விளையாட்டு எல்லா இடத்திலும் இலவசம், நன்கொடை மட்டும் வாங்குவோம், அதுவும் எங்களில் யாருடைய வங்கிக் கணக்குக்கும் வராது, திறமூலத் திட்டங்களுக்காகப் பணத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் ஒரு பொது அமைப்புக்குப் போகும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

திறமூல மென்பொருளை விற்கலாமா என்ற சட்டச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். இத்தகைய மென்பொருளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபிஎல் உரிமம் விற்பதைத் தடுப்பதில்லை. மூல நிரலைக் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தாலும் கேட்க முடியாது, அவ்வளவுதான். ஆப்பிள் கடை மட்டும் தனித் தலைவலி, அதன் விதிகள் ஜிபிஎல்லோடு மோதுகின்றன என்பது சிலரின் வாதம். ஜிபிஎல்லில் வந்த விஎல்சி பிளேயரை எழுதியவர்களில் ஒருவரே ஆட்சேபித்ததால் 2011 ஜனவரியில் அது அங்கிருந்து நீக்கப்பட்டது.

காசே வேண்டாம் என்பது முதல் வழி. சுத்தமான வழிதான், ஆனால் சர்வர் வாடகையையும் டொமைன் (இணைய முகவரி) கட்டணத்தையும் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் தன் கார்டில் கட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு வேலை போனாலோ சலித்துப்போனாலோ கதை முடிந்தது.

இரண்டாவது, கடையில் விலை வைத்து விற்பது. மைண்டஸ்ட்ரி நல்ல உதாரணம்: நிரல் ஜிபிஎல்லில் திறந்தே கிடக்கிறது, வெளியே இலவசமாகவும் கிடைக்கிறது, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் மட்டும் விலை. ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜனும் அப்படித்தான், ஆண்ட்ராய்டில் இலவசம், ஸ்டீமிலும் ஐபோனிலும் காசு. ஸ்டீமில் நுழைய 100 டாலர், பிறகு விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு. சும்மா கிடைப்பதை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள், வாங்குகிறார்கள். தானாக அப்டேட் ஆகும், நண்பர்களோடு எளிதாகச் சேர்ந்து ஆடலாம், சிலர் செய்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்றே வாங்குகிறார்கள். வருமானம் என்று பார்த்தால் நான் சொல்லும் வழிகளில் இதுதான் முதலிடம், அதில் வாதமே இல்லை.

ஆனால் அந்த இரண்டு விளையாட்டும் அடிப்படையில் ஒரே ஒருவரின் உழைப்பு. இருபது பேர் கைவைத்த திட்டத்தில் இதே வழியில் போனால் முதல் படிவத்திலேயே சிக்கல் வந்துவிடும். கடையில் கணக்குத் திறக்க ஒரு சட்டப்பூர்வப் பெயர், ஒரு வங்கிக் கணக்கு, வரிப் படிவம் எல்லாம் வேண்டும். ‘திட்டம்’ என்பது ஆளும் அல்ல, நிறுவனமும் அல்ல. அதனால் யாரோ ஒருவர் தன் பெயரைப் போடுகிறார், வருவது முழுக்க அவருடைய வருமானமாகிறது, வரியும் அவர் தலையில். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அன்றிலிருந்து மற்றவர்கள் தங்களுக்குத் தெரியாமலே அவருக்காக வேலை செய்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். பங்கு பிரிக்கலாமே என்றால், நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தியவருக்கும் மூன்று வருடம் படம் வரைந்தவருக்கும் என்ன விகிதம் போடுவது? எங்கள் விவாதத்தில் பாதி நேரம் இதில்தான் போனது, விடையும் கிடைக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ‘யார் பெயரில்’ என்ற கேள்விதான். நிரலுக்கு உரிமம் இருக்கிறது, அதை யாரும் பூட்ட முடியாது. விளையாட்டின் பெயருக்கும் டொமைனுக்கும் கடைக் கணக்குக்கும் அப்படி எந்தக் காப்பும் இல்லை, அவை யார் கையில் இருக்கிறதோ அவருடையவை. நெக்ஸூயிஸில் 2010இல் நடந்தது இதுதான். பல வருடம் தன்னார்வலர்கள் வளர்த்த துப்பாக்கி விளையாட்டு அது. அதைத் தொடங்கியவர் விளையாட்டின் பெயரைப் பயன்படுத்த இல்ஃபானிக் என்ற நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார், கன்சோலுக்கு வேறு எஞ்சினில் ஒரு வணிக விளையாட்டு அந்தப் பெயரில் 2012இல் வந்தது. சட்டப்படி யோசித்தால் பெரிய தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் உழைத்தவர்கள் கொதித்துப்போய் நிரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஸோனாடிக் என்ற புதுப் பெயரில் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நிரல் முழுசாகக் கையில் இருந்தும், அத்தனை வருடம் சேர்த்த பெயர் போய்விட்டது. அதற்கு முன்பே டக்ஸ் ரேசர் என்ற பந்தய விளையாட்டும் 2002இல் மூடிய வணிகப் பதிப்பாக மாறி, பழைய திறந்த நிரலிலிருந்து வேறு பெயர்களில் கிளைகள் தொடர்ந்தன.

மூன்றாவது வழி, சொந்தமாகவே ஒரு லாப நோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்வது. பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற திறமூல விளையாட்டு இதைச் செய்தது, அமெரிக்காவில் அதற்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். கணினியிலும் ஸ்டீமிலும் விளையாட்டு இலவசம், ஐபோன் பதிப்புக்கு மட்டும் விலை. பெயர்ப் பிரச்சினை இதில் தீர்கிறது, விற்பனையும் சாத்தியம். ஆனால் ஆண்டுக் கணக்கு, வரித் தாக்கல், நிர்வாகிகள் என்று யாராவது சலிக்காமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். இதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். ஐந்தாறு பேர் உள்ள குழுவுக்கு இது எலி வளைக்கு எட்டுக் கதவு போட்ட மாதிரி என்றே தோன்றுகிறது.

நாங்கள் எடுத்த வழியைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 0 ஏ.டி. என்ற திறமூல விளையாட்டு இருக்கிறது. அதன் பணத்தை வைத்திருப்பது எஸ்பிஐ, அதாவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்துக்காக 1997இல் தொடங்கிய அமைப்பு (நம் ஊர் பேங்க் அல்ல). அவர்கள் நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் மாதிரி இடங்களில் 10 சதவீதம், ஆனால் வரவும் செலவும் எல்லோரும் பார்க்கும்படி திட்டத்தின் வலைப்பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. குழுவை விட்டுப் போனவர்கூடப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சந்தேகமே எழாது.

குறை இல்லாமல் இல்லை. செலவைக் கேட்டு வாங்க ரசீது, ஒப்புதல், காத்திருப்பு. அப்புறம் தொகை சிறியது. 0 ஏ.டி.யே 2013இல் நிரலாளர்களை முழுநேரமாக வைக்க இண்டிகோகோ என்ற நிதி திரட்டும் தளத்தில் 160,000 டாலர் கேட்டு, 33,000 சொச்சம்தான் கிடைத்தது. நன்கொடையை நம்பிச் சம்பளம் திட்டமிடாதீர்கள்.

சம்பளமே வேண்டாம் என்பதுதான் எங்கள் விதியும். டெபியனில் 2006இல் இரண்டு வெளியீட்டு மேலாளர்களுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தபோது மற்றவர்களிடம் எழுந்த மனக்கசப்பைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. எல்லாத் தாமதத்தையும் அதன் மேல் போட முடியாது, ஆனாலும். நாங்கள் சர்வருக்கும், விண்டோஸ் எச்சரிக்கை காட்டாமல் இருக்க வாங்கும் சான்றிதழுக்கும், வெளியாளிடம் கேட்டு வாங்கும் இசைக்கும் மட்டும் செலவழிக்கிறோம். வருடத்துக்கு லட்சக்கணக்கில் வர ஆரம்பித்தால் இந்த விதி நிற்குமா என்பதை நான் பார்க்கவில்லை.

உங்கள் விளையாட்டில் முக்கால்வாசி நீங்களே எழுதியதென்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஸ்டீமில் விலை வையுங்கள். மற்றவர்கள் முதல் ரூபாய் வருவதற்கு முன்பே டொமைன், கடைக் கணக்கு, பெயர் மூன்றும் யாரிடம் இருக்கிறது, அவர் விலகினால் யாருக்குப் போகும் என்று எழுதி நிரலோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். எங்களிடம் டொமைன் இன்னும் ஒரு நண்பர் பெயரில்தான் இருக்கிறது, அடுத்த புதுப்பித்தலுக்குள் மாற்ற வேண்டும்.