பழைய மாருதி ஜிப்சி: எஞ்சினைக் கேட்டு மயங்காமல் அடியில் படுத்துப் பாருங்கள்

ஜிப்சி விற்பவர் முதலில் செய்வது பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்து காட்டுவதுதான். அது நன்றாகத்தான் ஓடும். 1.3 லிட்டர் ஜி13 எஞ்சின் லேசில் படுக்காது. படுத்தாலும் பாகம் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். ஒரு ஜிப்சியை வேண்டாம் என்று விட்டுவர நல்ல காரணங்கள் இரண்டே: துரு தின்ற சேசிஸ், வண்டியோடு ஒத்துப்போகாத ஆர்சி. மற்றவை எல்லாம் விலை பேசத்தான்.

எந்த வருட வண்டி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினோடு வந்தது எம்ஜி410. 1993இல் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 90 மி.மீ. கூடியது. 1996இல் 1.3 லிட்டர் கார்புரேட்டரோடு ‘கிங்’ வந்தது. 2000இல் அதுவே 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன் என்று மாறியது. பிரேக் பூஸ்டரும் அப்போதுதான் சேர்ந்தது. தினசரி ஓட்ட 2000க்குப் பிந்தையதைப் பாருங்கள். 970 சிசி ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வண்டி. மலைப்பாதையில் நாலு பேரை ஏற்றினால் மூச்சு வாங்கும்.

துருவைத் தேடுவது சட்டையை அழுக்காக்கும் வேலை. ரப்பர் மேட்டைத் தூக்கி டிரைவர் கால் வைக்கும் தரையைப் பாருங்கள். அடுத்து முன்சக்கர வளைவுக்குப் பின்பக்கம், விண்ட்ஷீல்டு சட்டத்தின் கீழ் விளிம்பு, பாடி மவுண்ட் உட்காரும் இடங்கள், பின்கதவுக்குக் கீழே உள்ள மூலைகள். பாடியில் ஓட்டை என்றால் டிங்கரிங்கில் தகடு வெட்டி ஒட்டிவிடலாம். சேசிஸ் அப்படியல்ல. லீஃப் பிளேட்டைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடங்களில், குறிப்பாகப் பின்பக்கம், பெட்டி போன்ற சேசிஸின் உள்ளே சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் மாறி மொத்தென்று கேட்கும் இடத்தில் கூர்முனையால் குத்திப் பாருங்கள். விற்பனைக்கு முந்தைய வாரம் அடித்த பளபளக்கும் கறுப்பு அண்டர்கோட்டிங் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும். கடற்கரை ஊர் வண்டிக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள்.

அடுத்தது முன் ஆக்சில். 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் படபடவென்று ஆடுகிறதா? வீல் பேலன்சிங் என்பார்கள், டயர் என்பார்கள். பெரும்பாலும் அது கிங்பின் பேரிங், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் இடம் வலம் திரும்பும் அச்சில் உள்ள பேரிங். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு டேப்பர் பேரிங்குகள். சோதிப்பது எளிது: ஜாக்கியில் ஏற்றி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். மாற்றும்போது ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆயில் சீல் போடாமல், டை ராடு மாட்டும் முனையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்தால் 1 முதல் 1.8 கிலோவில் நக்கிள் நகரத் தொடங்க வேண்டும். பழைய ஷிம்மையே திருப்பிப் போட்டு மூடிவிடும் கடைகளில்தான் வண்டி மூன்று மாதத்தில் மறுபடி ஆடத் தொடங்குகிறது. புத்தம் புதிய ஸ்டியரிங் டாம்ப்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டிய வண்டி என்றால் ஆட்டத்தை மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே சோதியுங்கள்.

அதே இடத்தில் நக்கிள் உருண்டையையும் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் சரி. கிரீஸ் கூழாகி வழிந்தால் ஆக்சிலின் உள் சீல் போய், கிரவுன் ஆயில் (டிஃபரன்ஷியலில் உள்ள ஆயில்) வந்து கலந்திருக்கிறது. மண் தரையில் 4எச் (நாலு சக்கர இழுவை, ஹை) போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டினால் ‘டக் டக்’ என்று கேட்கிறதா? உள்ளே ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. இதைத் தார்ச்சாலையில் செய்யாதீர்கள்; முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் ஜிப்சியில் கிடையாது, திரும்பும்போது எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜிப்சியில் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, ரப்பர் மவுண்டுகளில் தொங்கும். நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். கிளட்சை விட்டதும் அடியிலிருந்து ‘டம்’ என்றால் மவுண்ட் கிழிந்திருக்கலாம், சின்னச் செலவுதான். பெரிய செலவைக் கண்டுபிடிக்க 4எல் (நாலு சக்கர இழுவை, லோ) போட்டு, இரண்டாம் கியரில் மண் ஏற்றத்தில் ஏறிக்கொண்டே ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே கியர், ஃபோர்க் தேய்மானம். டிரான்ஸ்ஃபர் கேஸில் கொள்ளும் ஆயில் சுமார் 0.8 லிட்டர் மட்டுமே. ஒழுகும் வண்டியில் அதுவும் வற்றியபின் யாரும் கவனிப்பதில்லை. பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் ஆக்சில் சீல் போய், பிரேக் ஷூவில் ஆயில் ஏறியிருக்கும்.

எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் சோதனை போதும். சூடான எஞ்சின், நாலு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து: சதுர செ.மீ.க்கு 14 கிலோ அழுத்தம் நன்று, 12க்குக் கீழே எஞ்சின் வேலை, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையா, மாற்றவில்லை என்றே கணக்கு. பெட்ரோல் ஹோஸ்களும் அப்படியே. அந்தக் காலத்து ரப்பர் இன்றைய பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனாலுக்குச் செய்ததல்ல.

லிஃப்ட் செய்த வண்டியில் கவனம். நீள ஷேக்கிள் போட்டு உயர்த்தினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) மாறி நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஷாஃப்ட் கோணம் கூடி அதிரும். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். 205/70 ஆர்15க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 1,00,000 என்றால் ஓடியது 1,10,000. பிக்கப்பும் அந்த அளவுக்கு அடிவாங்கும்.

கடைசியாக, காகிதம். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து மலிவாகத் தெற்கே இறங்கிய ஜிப்சிகள் உண்டு. என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று, படிவம் 28) கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் விலையோடு கூட்டுங்கள். 15 வருடத்துக்குப் பின் எஃப்சி பார்த்து ஐந்தைந்து வருடமாகத்தான் ஆர்சி புதுப்பிப்பார்கள். அப்போதுதான் மாற்றிய எஞ்சின், சாஃப்ட் டாப்பை ஹார்டு டாப் ஆக்கியது, நிறம் என ஆர்சியில் ஏறாதவை எல்லாம் வெளியே வரும். ஆகவே சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் பிரதி எடுங்கள்; எஞ்சின் எண்ணையும் அப்படியே. இரண்டையும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகு விலை பேச உட்காரலாம்.