மீட்பு எண்ணா, மீட்பு மின்னஞ்சலா, பாஸ்கீயா: கணக்கை உண்மையில் காப்பது எது?

கணக்குக்குள் புகுந்த திருடன் முதலில் தேடிப் போவது அமைப்புகள் பக்கத்தைத்தான். உங்கள் கைப்பேசி எண்ணை நீக்கித் தன் எண்ணைப் போடுவான். மீட்பு மின்னஞ்சலை மாற்றுவான். அப்புறம் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவான். இத்தனைக்கும் சில நிமிடங்கள் போதும். அதன்பிறகு ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்ற பொத்தானை நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் குறியீடு அவனுக்குத்தான் போய்ச் சேரும்.

அதனால் கணக்கைக் காக்கவும் மீட்கவும் உள்ள ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். வெளியாள் அதைக் கைப்பற்றுவது எவ்வளவு சுலபம்? உள்ளே வந்துவிட்டவன் அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியுமா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் கவனம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கைப்பேசி எண்ணில் தொடங்குவோம். எல்லோரிடமும் இருக்கிறது, மறந்துபோகாது. ஆனால் அந்த எண் உங்கள் கையில் இல்லை, தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அங்கே ஓர் ஊழியரை ஏமாற்றி வேறு சிம்முக்கு எண்ணை மாற்றிக்கொண்டால் குறுஞ்செய்திக் குறியீடுகள் எல்லாம் திருடனுக்கே வரும். ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கிலேயே 2019 ஆகஸ்டில் அந்நியர்கள் பதிவிட்டார்கள். அவருடைய எண்ணைக் கைப்பற்றியதுதான் அவர்கள் செய்த வேலை. இன்னொரு ஆபத்தும் உண்டு: நீங்கள் கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படும். பழைய எண்ணைக் கணக்கிலிருந்து நீக்க மறந்தவர்கள் இதை இன்றே கவனிக்க வேண்டும்.

மீட்பு மின்னஞ்சல் அதைவிட மேல். ஆனால் அந்த இரண்டாவது அஞ்சல்பெட்டியை யார் எப்படிக் காக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. 2012இல் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கூகுளின் மீட்புப் பக்கம் அவருடைய மாற்று முகவரியைப் பாதி மறைத்துக் காட்டியது. அது ஆப்பிள் முகவரி என்பதை ஊகிக்க அதுவே போதுமாக இருந்தது. அமேசான் வழியாக அவருடைய கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பெற்றவர்கள், அதையும் அவருடைய முகவரியையும் சொல்லி ஆப்பிள் கணக்கைத் திறந்தார்கள். அங்கிருந்து ஜிமெயில், அங்கிருந்து ட்விட்டர். போகிற வழியில் அவருடைய கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருந்த தரவுகளைத் துடைத்து அழித்தார்கள். பழைய, யாரும் திறந்து பார்க்காத அஞ்சல்பெட்டியை மீட்பு முகவரியாக வைத்திருப்பது இதனால்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. முதன்மைக் கணக்குக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதற்கும் வேண்டும்.

உள்நுழைவுக்கான ஆறு இலக்கக் குறியீட்டைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் குறியீட்டுச் செயலிகள் சிம் திருட்டைத் தாண்டி நிற்கும். போலிப் பக்கத்தில் அந்த ஆறு இலக்கங்களை நீங்களே தட்டிக் கொடுத்துவிட்டால் அவற்றாலும் பயனில்லை. கைப்பேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைவதற்காகக் கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள், அஞ்சல்பெட்டிக்குள்ளேயே சேமிக்காதீர்கள்.

பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தில் இருக்கும் டிஜிட்டல் சாவி; யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி கணினியில் செருகும் சிறு கருவி. வெளியாளைத் தடுப்பதில் இவை இரண்டுக்கும் ஈடில்லை. உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே அவை பதில் சொல்லும். போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அங்கே வேலை செய்யாது. ஆனால் பலர் பாஸ்கீயைச் சேர்த்துவிட்டுக் குறுஞ்செய்தி மீட்பையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததுபோல்தான் அது. திருடன் ‘வேறு வழியில் முயல்க’ என்பதை அழுத்துவான், அவ்வளவுதான். பாஸ்கீ இரண்டு சாதனங்களிலாவது இருந்தால், அதன்பின் குறுஞ்செய்தி வழியைத் துணிந்து மூடிவிடலாம்.

இனி இரண்டாவது கேள்வி. கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் கடவு எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியையே பறித்துப் போகிறவனிடம் மேலே சொன்ன எதுவும் நிற்காது. பாஸ்கீகூட அந்தக் கடவு எண்ணுக்குத் திறந்துகொள்ளும். ஐபோனில் இப்படிப் பறித்தவர்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, கணக்கைத் திரும்பப் பெற உதவும் 28 எழுத்துள்ள மீட்புச் சாவியையும் தாங்களே உருவாக்கி, உரிமையாளரை நிரந்தரமாக வெளியே தள்ளினார்கள். உரிமையாளரைக் காக்க உருவான வசதி அவருக்கே எதிராகத் திரும்பியது.

இதற்குச் சரியான பதில் காத்திருப்பு நேரம். 2024 ஜனவரியில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17.3 கொண்டுவந்த ‘திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு’ இப்படி இயங்குகிறது: வழக்கமான இடத்துக்கு வெளியே இருக்கும்போது கடவுச்சொல்லையோ மீட்பு விவரத்தையோ மாற்றப் போனால் முகமோ விரல்ரேகையோ கேட்கும், கடவு எண் செல்லாது. பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது முடிந்ததும் மறுபடியும் முகம். எந்த இடத்தில் இருந்தாலும் இது பொருந்தும்படி அமைப்புகளில் ‘எப்போதும்’ என்று மாற்றி வைக்கலாம். மாற்றி வையுங்கள் என்பதே என் ஆலோசனை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருப்பு; அதற்குள் பழைய விவரத்தை வைத்திருப்பவர் மாற்றத்தை ரத்து செய்யலாம். உண்மையிலேயே எண்ணைத் தொலைத்தவருக்கு 30 நாள் பெரும் தொல்லைதான், மறுக்கவில்லை. கணக்கையே இழப்பதோடு ஒப்பிட்டால் அந்தத் தொல்லையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

கூகுள் பின்பற்றும் முறை வேறு. மாற்றம் உடனே நடந்துவிடும். ஆனால் பழைய மீட்பு எண்ணுக்கும் முகவரிக்கும் 7 நாள் வரை குறியீடு பெற வாய்ப்பு தரப்படலாம். இந்தச் சலுகை பயன்பட வேண்டுமானால் எச்சரிக்கை அஞ்சலை நீங்கள் அந்த ஒரு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். ஆகவே மீட்பு முகவரியாக இருக்கும் அஞ்சல்பெட்டியைக் கைப்பேசியில் இணைத்து, அதன் அறிவிப்புகளை இயக்கி வையுங்கள். ‘உங்கள் மீட்பு எண் மாற்றப்பட்டது’ என்று அஞ்சல் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அதே வாசகத்தில் போலி அஞ்சல்களும் வரும். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். மாற்றம் நடந்திருந்தால் பழைய எண்ணையோ முகவரியையோ கொண்டு உடனே மீட்பைத் தொடங்கி, அறிமுகமில்லாத சாதனங்கள் அனைத்தையும் வெளியேற்றிய பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள்.