எச்சமா, முற்றா?

ஒரே புகாரை இரண்டு விதமாக எழுதலாம்.

“ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, வீடு கட்டி விற்றார்கள்.”

“ஏரியைத் தூர்த்தார்கள். மனை பிரித்தார்கள். வீடு கட்டினார்கள். விற்றார்கள்.”

முதலாவதில் முற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினை, ஒன்றுதான். மற்ற மூன்றும் வினையெச்சம்: தானாக முடியாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்பவை. அதனால் கவனம் நேராக விற்பனைக்குப் போய்விடுகிறது. ஏரியைத் தூர்த்தது ஏதோ முன்வேலை போல ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாவதில் ஒவ்வொரு ‘ஆர்கள்’ ஒலிக்கும்போதும் ஒரு தனிக் குற்றச்சாட்டு எழுகிறது. இரண்டிரண்டு சொல்லாக வந்த வரிசையில் ‘விற்றார்கள்’ மட்டும் ஒற்றையாக விழுவதால் அடியும் பலம்.

மேடைக்கு இதுதான் சரி. அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ இதே இனம்: மூன்றுக்கும் ‘க’வில் மோனை, மூன்றுக்கும் சம எடை. (கடைசிச் சொல் கொஞ்சம் நீளம். முடிந்துவிட்டது என்று காதுக்கே தெரிந்துவிடும்.)

அப்புறம் ஏன் எச்சம்? எது எதனால் நடந்தது என்று சொல்ல அதுதான் கைகொடுக்கும். “கால்வாய் தூர்ந்து, போக வழியில்லாமல் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது.” இதை மூன்று முற்றாக வெட்டினால் காரணம் அறுந்து கோபம்தான் மிஞ்சும். தாசில்தாருக்கு மனு எழுதுவதென்றால், நடந்ததை எச்சத்தில் விளக்கிவிட்டு, கோரிக்கைக்கு முந்தைய பத்தியில் மட்டும் முற்றுகளை அடுக்குவேன்.