பேங்காக் அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

சுங்கை சிப்புட் சொந்தங்களே, பள்ளி விடுமுறையில் பேங்காக் போவதற்குக் கோயிலில் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து நின்றவர்கள், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பயணம் போகிறவர்கள். தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நாங்கள் போன பயணம் இது. சயாம், அதாவது தாய்லாந்து என்றாலே எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு மரண ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஜப்பான்காரன் காலத்தில் அந்த ரயில் பாதை போடத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பிடித்துக்கொண்டு போன சனத்தில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்த நாட்டை நிம்மதியாக ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

காலையில் சீலோம் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சாப்பான் தக்சினில் படகு ஏறி, தா சாங் துறையில் இறங்கி அரண்மனைக்கு நடந்தோம். வெள்ளை மதில் கண்ணுக்குத் தெரிகிறது. வாசலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கேதான் அந்த ஆள் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கையில் மடித்த வரைபடம். "மலேசியாவா? அபா காபார்!" என்று சிரித்தான். அரண்மனை காலையில் பூஜைக்காக மூடியிருக்கிறதாம், மதியம் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். அதுவரை வெயிலில் ஏன் நிற்க வேண்டும், இன்று புத்தர் நாள், அரசாங்க டுக்டுக் 20 பாட்டுக்கு நாலு இடம் சுற்றிக் காட்டும் என்று வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தான். இருபது பாட் என்றால் நம் காசுக்கு மூன்று வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகாது. வண்டியும் தயாராகப் பக்கத்திலேயே நின்றது.

முதலில் இந்திரவிஹான் கோயில். 32 மீட்டர் உயரத்தில் நின்ற கோலத்தில் புத்தர். நல்ல கோயில், அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்து ஒரு சின்ன புத்த விகாரை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார். தான் பள்ளி ஆசிரியர் என்றார். மகள் கல்யாணத்துக்கு ரத்தினக் கல் வாங்கினாராம், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வரியில்லாமல் விற்கிறார்களாம், இன்றுதான் கடைசி நாளாம். எங்கள் டுக்டுக்காரனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கடையும் வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த கடையும் ஒன்றேதான்.

இந்த ஏமாற்று வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒருத்தன் சொன்னால் யாரும் சந்தேகப்படுவார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாததுபோல் இரண்டு மூன்று பேர், வேறு வேறு இடத்தில், ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். டுக்டுக்காரனுக்குக் கடையிலிருந்து பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கிடைக்கிறது. 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட முடிவது அதனால்தான்.

வழியில் பெரிய ஊஞ்சலைக் கடந்து போனோம். வாட் சுத்தாட் கோயிலுக்கு முன்னால் சிவப்புத் தூண்கள் இரண்டு வானத்துக்கு நிற்கும். ஊஞ்சலாட்டம் 1935லேயே நின்றுவிட்டது. ஆனால் பக்கத்தில் தேவஸ்தான் என்ற இந்துக் கோயிலில் தாய்லாந்துப் பிராமணர்கள் இன்றும் நம் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் மார்கழிதோறும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நிறுத்தச் சொன்னேன். "நோ டைம், நோ டைம்" என்று வண்டியை விரட்டினான். போன காசைவிட இது எனக்குப் பெரிய வலி.

கடையில் குளிர்சாதனம், ஆரஞ்சு ஜூஸ், கோட்டு போட்ட பெண். இந்தியர்கள் என்று தெரிந்ததும் அவள் சொன்ன முதல் சொல் "சனி". நீலக்கல்லைக் கறுப்பு வெல்வெட்டில் வைத்து, சனி தோஷத்துக்கு இதுதான் என்றாள். என் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. எங்கள் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேஎல்லில் விற்றால் இரட்டை விலை, சான்றிதழ் உண்டு, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றெல்லாம் சொல்லி, இரண்டு கல்லுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் வெள்ளி கார்டில் இழுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பி மோதிரம் கட்டக் கொடுத்தபோது பத்தர் கல்லை லென்ஸில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள்ளே கிராமபோன் தட்டின் கோடுகள்போல மெல்லிய வளைகோடுகள். மண்ணில் விளைந்த நீலத்தில் கோடு நேராகவோ கோணமாகவோதான் ஓடும், வளைந்திருந்தால் உலையில் உருக்கி வளர்த்தது, சில வெள்ளிதான் பெறும் என்றார். சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். நீலம் என்று போட்டிருக்கிறதே தவிர இயற்கையானது என்று எங்கேயும் இல்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் பணம் திருப்பித் தர மாட்டோம் என்று இருக்கிறது.

அரண்மனை அன்று மூடவே இல்லை. தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுக்கிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச சடங்கு இருந்தால் மட்டும் மூடுவார்கள், அதை அவர்களுடைய அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே போடுவார்கள். டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். தெருவில் நிற்கிறவன் என்ன சொன்னாலும் நிற்காமல் நடந்து நேராக வாசலுக்கே போய், சீருடை போட்ட காவலரிடம் கேளுங்கள். கை, முழங்கால் மூடிய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், அதைச் சாக்கு வைத்தும் வழி மறிப்பார்கள். படுத்த புத்தர் இருக்கும் வாட் போ வாசலிலும் இதே மூடியிருக்கிறது கதை நடக்கிறது. அங்கிருந்து வாட் அருணுக்கு ஆற்றைக் கடக்கத் தா தியென் துறையிலேயே 5 பாட் படகு இருக்கிறது, டுக்டுக்கே தேவையில்லை.

யாராவது ஏற்கெனவே இப்படி வாங்கியிருந்தால், பேங்காக்கில் இருக்கும்போதே 1155க்கு அழையுங்கள், சுற்றுலாப் போலீஸ் எண் அது, ஆங்கிலத்தில் பேசலாம். ஊருக்கு வந்துவிட்டால் ரொம்பக் கஷ்டம். நாங்கள் பத்தர் எழுதிக் கொடுத்ததையும் ரசீதையும் வைத்து வங்கியில் மனு கொடுத்திருக்கிறோம். அவர்கள் என்ன சொன்னாலும் அதையும் இங்கே எழுதுகிறேன்.